கறுத்த பல்லுக்குக் கேப் போடுவதற்கு முன்

"செராமிக் கேப் போட்டும் பல் சாம்பல் நிறமாகவே தெரிகிறது, மட்டமான கேப் போட்டுவிட்டார்கள்." இந்தப் புகார் ஓய்வதாக இல்லை. பெரும்பாலும் கேப்பில் குறை இருக்காது. அதனுள் இருக்கும் கறுத்த பல்லை யாரும் கண்டுகொள்ளாததுதான் குறை.

கேப் போட்டால் உள்ளே எது இருந்தாலும் மறைந்துவிடும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். செராமிக் இயற்கைப் பல் போலத் தெரிவதே அது ஒளியை உள்ளே விடுவதால்தான். உள்ளே போகும் ஒளி அடிப்பல்லின் நிறத்தையும் கொண்டுதான் திரும்பும். மல் வேட்டிக்குள் கறுப்புத் துணி தெரியாமலா போகும்? "சிர்கோனியா செராமிக்தானே, அதில் ஒளி புகாதே" என்பார்கள். எல்லா சிர்கோனியாவும் ஒன்றல்ல. 3 மோல் சதவீத இட்ரியா என்ற ஆக்சைடு கலந்த பழைய வகை உறுதியானது, ஓரளவு மறைக்கும். முன்பல் அழகுக்காக விற்கப்படும் 5 மோல் சதவீத வகையில் ஒளி நன்றாகவே புகும், உறுதியும் குறைவு. லித்தியம் டைசிலிகேட் என்ற இன்னொரு செராமிக்கிலும் அதிகம் ஒளி புகும் கட்டி, குறைவாகப் புகும் கட்டி என வகைகள் உண்டு. விலை உயர்ந்ததைக் கேட்காதீர்கள், உங்கள் பல்லுக்கு எது என்று கேளுங்கள்.

அடுத்தது தடிமன். பல்லின் முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய செராமிக் தகடான வெனீரில் ஒரு ஷேடு (நிற அளவுகோலில் ஒரு படி) மாற்றத் தோராயமாக 0.2 முதல் 0.3 மி.மீ. செராமிக் வேண்டும். அடர்ந்த ஏ4 ஷேடு பல்லை வெளிறிய ஏ1 ஆக்க 0.6 முதல் 0.9 மி.மீ. வரை ஆகும். சாம்பலோ கறுப்போ என்றால் இந்தக் கணக்கே உதவாது. 0.3 மி.மீ. வெனீர், பல்லைத் தேய்த்துக் குறைக்கவே கூடாது, பளிச்சென்ற வெண்மையும் வேண்டும்: மூன்றும் சேர்ந்து கறுத்த பல்லில் நடக்காது. விளம்பரத்தில் வரும் 'தேய்க்காத வெனீர்' ஏற்கெனவே நல்ல நிறமுள்ள பற்களுக்கானது. செராமிக்கை ஒட்டும் சிமென்ட்டை வெள்ளையாக வைத்துச் சமாளிக்கலாம் என்பதும் வீண் நம்பிக்கை. அந்தப் படலம் 0.1 மி.மீ. கூட இருக்காது.

நிறத்தை மறைப்பதற்கு முன் அது ஏன் மாறியது என்று பாருங்கள். ஒரே ஒரு முன்பல் கறுத்திருந்தால் எப்போதோ பட்ட அடியில் உள்ளிருக்கும் நரம்பு செத்திருக்கலாம். வலி இல்லாததால் நலம் என்று பொருளல்ல. எக்ஸ்ரே எடுக்காமல் அதன்மேல் கேப் மாட்டினால், பிறகு சீழ் கட்டி, அதே கேப்பைத் துளைத்து ரூட் கெனால் செய்ய வேண்டி வரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடு தண்ணீரால் வரும் கறை பல நேரம் எனாமலின் மேலடுக்கோடு நின்றுவிடும். மேலாகத் தேய்த்து ப்ளீச் செய்தாலே போதுமான பல்லை வெட்டிக் கேப் போடுவது அநியாயம்.

ரூட் கெனால் செய்து கறுத்த பல்லை உள்ளிருந்தே வெளுக்கலாம். ஈறுக்கு மேலுள்ள பல் பகுதியில் தங்கிய நரம்பு மிச்சம், வேரை அடைக்கப் பயன்பட்ட சீலர் பசை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, வேர் அடைப்பை ஈறு மட்டத்துக்கு 2 மி.மீ. கீழே இறக்கி, அங்கே கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட்டால் தடுப்பு வைத்து, தண்ணீரில் குழைத்த சோடியம் பெர்போரேட் என்ற ப்ளீச் மருந்தை வைத்து மூட வேண்டும். வாரம் ஒருமுறை மாற்றினால் சில வாரங்களில் நிறம் தெளியும். தடுப்பைத் தவிர்ப்பதும், 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சூடேற்றுவதும் வேர் வெளிப்புறமாக அரிந்துபோக வழி செய்யும். முடித்ததும் 2 வாரம் காத்திருங்கள். பல்லில் மிஞ்சும் ஆக்சிஜன் கேப்பை ஒட்டும் ரெசின் சிமென்ட்டை இறுக விடாது.

சக மருத்துவர்களுக்கு: ஷேடை, எச்சில் படாமல் பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் டேம் விரிப்புக்கு முன்பே எடுத்துவிடுங்கள், உலர்ந்த பல் வெளுத்துக் காட்டும். தேய்த்த பல்லின் படத்தை ஷேடு டேபோடு (நிற மாதிரிப் பல்லோடு) சேர்த்து எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். அதை அனுப்பாமல் லேபைத் திட்டுவதில் நியாயமில்லை. வேருக்குள் உலோக போஸ்ட் (தாங்கு கம்பி) இருந்தால், ஒளி புகாத ஒபேக் பூச்சைப் பூசுங்கள். ஒட்டும் முன் சிமென்ட் நிறத்திலேயே இருக்கும், ஒட்டாத ட்ரை-இன் பேஸ்ட் வைத்துப் பகல் வெளிச்சத்தில் நோயாளியிடமே காட்டுங்கள். ஈறு மெல்லியதாக இருந்தால் வேரின் கறுப்பு ஈறு வழியே தெரியும், எந்தக் கேப்பும் அதை மறைக்காது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ப்ளீச், காத்திருப்பு, லேப் வேலை எல்லாம் சேர்த்து 2 மாதமாவது கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.