சிவந்த இலையெல்லாம் செஞ்சிலந்தி இல்லை

குன்னூர், கோத்தகிரி பக்கம் பனி விலகி வெயில் ஏறத் தொடங்கினால் போதும், சிறு தேயிலை விவசாயிகள் கையில் இலையோடு வர ஆரம்பித்துவிடுவார்கள். "சார், செஞ்சிலந்தி வந்துடுச்சு. என்ன மருந்து அடிக்கலாம்?" பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு டேங்க் அடித்துவிட்டுத்தான் வருவார்கள். இலை சிவந்திருப்பது உண்மைதான். அதற்குக் காரணம் செஞ்சிலந்திதானா என்று யாரும் பார்ப்பதில்லை.

செஞ்சிலந்தியைப் போல தேயிலையில் சாறு உறிஞ்சும் நுண்சிலந்திகளில் (mites) ஐந்து வகை முக்கியம். இவை பூச்சி இனமே இல்லை. உண்ணிக்கும் எட்டுக்கால் சிலந்திக்கும் சொந்தம். பல பூச்சிக்கொல்லிகள் இவற்றை ஒன்றும் செய்யாது. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்தால் இவற்றைத் தின்னும் எதிரிகள் செத்து, சிலந்தி முன்னைவிடப் பெருகிவிடும்.

முதலில் இலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். செஞ்சிலந்தி முற்றிய இலையின் மேல்பக்கத்தில், நடு நரம்பை ஒட்டி இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் சிவப்பு உருண்டையாக முட்டைகளும், மாவு தூவியதுபோல் உரித்த தோல்களும் தெரியும். நிழல் மரம் வெட்டிய இடத்திலும் புழுதி பறக்கும் ரோட்டோரச் செடியிலும் இது முதலில் தலைகாட்டும்.

ஊதாச் சிலந்தியும் முற்றிய இலையைச் செம்பு நிறமாக்கும். குழப்பம் இங்கேதான். இதன் முதுகில் நீளவாக்கில் வெள்ளை மெழுகுக் கோடுகள் இருக்கும். கால்கள் தலைப்பக்கம் நாலே நாலு. இளஞ்சிவப்புச் சிலந்திக்கும் நாலு கால்தான். அது வந்த இலை வெளுத்து, ஓரம் மேல்நோக்கிச் சுருளும். இரண்டும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்பதால் இருபது மடங்கு லென்ஸ் நல்லது. இந்த நாலுகால்காரர்களுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) நன்றாகக் கேட்கும், உச்சி வெயிலில் மட்டும் அடிக்காதீர்கள்.

கருஞ்சிவப்புத் தட்டைச் சிலந்தி இலையின் அடிப்பக்கம், காம்பை ஒட்டிக் கிடக்கும். ஊசியால் தொட்டால்கூட மெதுவாகத்தான் நகரும். மஞ்சள் சிலந்தி கொழுந்தையே பிடிக்கும். அடிப்பக்கம் சொரசொரப்பாகப் பழுப்புக் கோடு விழும். அடிப்பக்கத்தில் இருக்கும் சிலந்திக்கு மேலாகத் தெளித்துவிட்டு "மருந்து டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டுவது நம் ஊர் வழக்கம்.

வேகமாக ஓடும், பளபளப்பான, பேரிக்காய் வடிவச் சிலந்தி கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். அது செஞ்சிலந்தியைத் தின்பது. தின்று தின்று அதன் உடம்பும் சிவந்துவிடுவதால், பலர் அதையும் கெட்ட கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இனம் வரை சொல்ல மைக்ரோஸ்கோப் வேண்டும். தேயிலைச் செஞ்சிலந்தியின் பாத நுனியில் நகம்போல ஓர் உறுப்பு உண்டு. கார்னேஷன், ஸ்ட்ராபெரி, பீன்ஸில் வரும் இரட்டைப்புள்ளிச் சிலந்திக்கு அது பிரிபிரியாக இருக்கும். பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம், அதில் பிடிபடும். இனம் பிடிபட ஆண் வேண்டும். பின்பக்கம் கூம்பிய, சின்ன உடம்பு. அதை ஸ்லைடில் ஒருக்களித்துப் படுக்கவைத்தால்தான் ஆணுறுப்பின் வளைவு தெரியும். ஸ்லைடை மூடும் கவர்க் கண்ணாடியை ஊசியால் மயிரிழை தள்ளி உருட்ட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் வளைவு வேறாகத் தெரிந்து ஏமாற்றும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. வெறும் பெண்களை மட்டும் கொண்டுவந்தால் இனப்பெயர் உறுதியாகச் சொல்ல முடியாது.

பரிசோதனைக்குக் கொண்டுவரும் இலையை பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டாதீர்கள். வேர்த்து, சிலந்தி தண்ணீரில் மூழ்கிவிடும். டிஷ்யூ தாளில் சுற்றிக் காகிதக் கவரில் வையுங்கள். முழுக்கச் சிவந்து காய்ந்த இலையில் சிலந்தி இருக்காது, அடுத்த செடிக்குப் போயிருக்கும். அதனால் பாதி மாறிய இலை, முற்றிய இலை, கொழுந்து மூன்றும் வேண்டும். கடைசியாக அடித்த மருந்தின் பெயரையும் தேதியையும் கவர்மேல் எழுதுங்கள். மருந்து அடித்தபின் அடுத்த கொழுந்து எப்போது கிள்ளலாம் என்று சொல்லவும் அது தேவைப்படும். பெயர் நினைவில்லையென்றால் காலி டப்பாவின் லேபிளை போட்டோ எடுத்து வந்தாலும் போதும்.