ரயிலில் ஒரு பெரிய சுற்று: யாரும் கேட்டு வாங்காத சர்குலர் டிக்கெட்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வடக்கே போய் ஒரு பெரிய சுற்று சுற்றி வரலாம் என்று முடிவானதும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். கைபேசியை எடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக டிக்கெட் போடத் தொடங்கிவிடுவோம். சென்னையிலிருந்து ஹவுரா ஒன்று, அங்கிருந்து காசி ஒன்று, காசியிலிருந்து பிரயாக்ராஜ், அப்புறம் ஆக்ரா, டெல்லி. வீட்டில் ஆறு பேர் என்றால் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது தலை சுற்றும்.

இப்படிப்பட்ட பயணத்துக்கென்றே இந்திய ரயில்வேயில் ஒரு டிக்கெட் இருக்கிறது. சர்குலர் ஜர்னி டிக்கெட் என்று பெயர். தமிழில் சுற்றுப் பயணச் சீட்டு என்று சொல்லலாம். இது சலுகைத் திட்டம் அல்ல, யாருடைய சிபாரிசும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். கட்டண விதிகளில் இருக்கும் சாதாரண ஏற்பாடு இது, யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ஐஆர்சிடிசி தளத்தில் கிடைக்காது என்பதால்தான் பலருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். கைபேசியில் கண்ணில் படாத பொருளை நாம் இல்லாத பொருளாகவே எண்ணிப் பழகிவிட்டோம்.

விதி இதுதான். பயணம் தொடங்கும் நிலையமும் முடியும் நிலையமும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் அதிகபட்சம் எட்டு ஊர்களில் இறங்கித் தங்கலாம். வேறு வண்டி பிடிப்பதற்காக மட்டும் ஒரு சந்திப்பில் இறங்கினால் அது இந்த எட்டில் சேராது. எல்லா வகுப்புகளுக்கும் இந்த டிக்கெட் உண்டு. சென்னைக்கும் டெல்லிக்கும் போன வழியே திரும்புவது சாதாரண ரிட்டர்ன் பயணம், அதற்கு இது பொருந்தாது. வரைபடத்தில் விரலை வைத்து ஓட்டினால் அது ஒரு வளையமாக வர வேண்டும்.

லாபம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ரயில் கட்டணம் தொலைவுக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு வீதம் அதிகம், தொலைவு கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான வீதம் குறைந்துகொண்டே போகும். நடுவில் எட்டு ஊர்களில் இறங்கி, ஒன்பது துண்டு டிக்கெட் எடுத்தால் ஒன்பது முறையும் அந்த அதிக வீதத்திலிருந்துதான் கணக்கு தொடங்கும். போதாததற்குக் குறைந்தபட்சத் தொலைவு என்று ஒன்று இருக்கிறது. மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஸ்லீப்பருக்கு 200 கிலோமீட்டர், ஏசி படுக்கை வகுப்புகளுக்கு 300 கிலோமீட்டர். காசிக்கும் பிரயாக்ராஜுக்கும் நடுவே இருப்பது நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனாலும் மூன்றடுக்கு ஏசியில் போனால் 300 கிலோமீட்டருக்கான காசைக் கொடுக்கிறோம். ஆக்ராவிலிருந்து டெல்லிக்கும் இதே கதை.

சர்குலர் டிக்கெட்டில் இந்தத் துண்டுக் கணக்கு கிடையாது. மொத்தச் சுற்றின் தொலைவைக் கூட்டி, சரிபாதியாகப் பிரித்து, அந்தப் பாதித் தொலைவுக்கான ஒற்றைப் பயணக் கட்டணத்தை இரண்டு முறை வாங்குவார்கள். அதாவது உங்கள் ஒன்பது சிறு பயணங்கள் காகிதத்தில் இரண்டு நெடும்பயணங்களாக மாறிவிடுகின்றன. நெடும்பயணத்துக்கு வீதம் குறைவு, அவ்வளவுதான் சூட்சுமம். அடிக்கடி இறங்கி ஏறும் திட்டமாக இருந்தால் மிச்சம் அதிகம். நடுவில் ஒரே ஒரு ஊரில் மட்டும் இறங்குவதாக இருந்தால் இதற்காக அலைய வேண்டாம் என்பேன்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். நான் முதலில் வரைந்த வளையம் சென்னையிலிருந்து ஹவுரா, காசி, டெல்லி, அங்கிருந்து போபால், நாக்பூர் வழியாகச் சென்னை. பார்க்க அழகான வளையம்போலத்தான் இருந்தது. இந்த டிக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுத் தரும் ரயில்வே வணிகப் பிரிவில் இருந்த அலுவலர் வரைபடத்தில் விஜயவாடா மேல் விரலை வைத்து, “இங்கேருந்து மெட்ராஸ் வரைக்கும் போறதும் வர்றதும் ஒரே லைன்தானே சார்” என்றார். ஹவுரா போகும் வண்டியும் டெல்லியிலிருந்து வரும் வண்டியும் விஜயவாடாவுக்குத் தெற்கே ஒரே பாதையில்தான் ஓடுகின்றன. அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே பாதை இரண்டு முறை வராமல் வளையத்தை அமைப்பதுதான் நல்லது, இல்லையென்றால் கணக்குப் போடுகிற இடத்திலேயே இழுபறி தொடங்கிவிடும்.

பிறகு மாற்றிப் போட்டது இது: சென்னை, ஹவுரா, காசி, பிரயாக்ராஜ், ஆக்ரா, டெல்லி, ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, மறுபடி சென்னை. மும்பையிலிருந்து புனே, சோலாப்பூர், குண்டக்கல், ரேணிகுண்டா வழியாக வந்துவிடலாம். எங்கேயும் பாதை ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. இறங்கும் ஊர்களை எண்ணினால் சரியாக எட்டு.

இந்தச் சுற்று ஏறக்குறைய 5,800 கிலோமீட்டர் வரும். பாதி 2,900. அந்தத் தொலைவுக்கு உங்கள் வகுப்பில் என்ன கட்டணமோ அது இரண்டு பங்கு. இதன்மேல் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பதிவுக் கட்டணம் உண்டு. ஸ்லீப்பருக்கு ஒரு ஆளுக்கு 20 ரூபாய், மூன்றடுக்கு ஏசிக்கு 40, இரண்டடுக்குக்கு 50. சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்றால் அதற்கான கூடுதல் கட்டணம் தனி, ஏசி என்றால் ஜிஎஸ்டியும் சேரும். ஆகவே மிச்சம் எவ்வளவு என்று பார்க்கும்போது வெறும் அடிப்படைக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

டிக்கெட் எத்தனை நாள் செல்லும்? இதற்கும் தொலைவுதான் அளவுகோல். பயண நாட்களுக்கு 400 கிலோமீட்டருக்கு ஒரு நாள், தங்கும் நாட்களுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். மிச்சம் மீதி இருந்தால் அதுவும் ஒரு நாளாகவே எண்ணப்படும். நம் 5,800 கிலோமீட்டருக்குப் பயணம் 15 நாள், தங்கல் 29 நாள், ஆக 44 நாள். பள்ளி விடுமுறைக்குள் முடித்தாக வேண்டிய குடும்பத்துக்கு இது தாராளம்.

வாங்கும் வழி பழைய பாணியில்தான் இருக்கிறது. எந்தெந்த ஊர், எந்த வரிசை, ஏறக்குறைய எந்தத் தேதி, எந்த வகுப்பு, எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நீங்கள் பயணம் தொடங்கும் நிலையம் எந்த ரயில்வே கோட்டத்தில் (டிவிஷன்) இருக்கிறதோ அந்தக் கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பெரிய நிலையங்களில் நிலைய மேலாளரிடமும் கொடுக்கலாம். அவர்கள் தொலைவையும் கட்டணத்தையும் கணக்கிட்டு அதற்குரிய படிவத்தில் எழுதித் தருவார்கள். அந்தப் படிவத்தைக் காட்டினால் தொடங்கும் நிலையத்தின் புக்கிங் கவுன்ட்டரில் சர்குலர் டிக்கெட் கிடைக்கும். அதோடு வேலை முடிந்துவிடாது. அந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு முன்பதிவு அலுவலகத்துக்குப் போய், ஒவ்வொரு கட்டத்துக்கும் வண்டி எண், தேதி சொல்லி இடம் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட் தருவார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என்று ஆறு கோட்டங்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் பாலக்காட்டுக்குப் போக வேண்டியதில்லை, 2007-இலிருந்து அவர்கள் சேலம் கோட்டம். நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் திருவனந்தபுரத்தில் சேரும். ஓசூர் தெற்கு ரயில்வேயிலேயே இல்லை, தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். அப்புறம், முதல் கவுன்ட்டரிலேயே “அப்படி ஒரு டிக்கெட்டே கிடையாது” என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். எனக்கும் ஒரு நிலையத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை, வருடத்துக்கு ஒருவர் கேட்கிற டிக்கெட் அது. வணிகப் பிரிவின் பெயரைச் சொன்னதும் பக்கத்து இருக்கைக்காரருக்கு நினைவு வந்துவிட்டது.

தேதிக் கணக்கில்தான் பலர் தடுமாறுவார்கள். 2024 நவம்பர் 1 முதல், பயண நாளை விட்டுவிட்டு 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. முன்பு அது 120 நாள். கிளம்பி இருபத்து நான்கு நாள் கழித்துக் கடைசி வண்டி ஏறும் சுற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டமான சென்னை–ஹவுராவுக்கு நீங்கள் கிளம்புவதற்கு 60 நாள் முன்பே பதிவு திறந்துவிடும். கடைசிக் கட்டமான மும்பை–சென்னைக்கு, கிளம்புவதற்கு 36 நாள் முன்புதான் திறக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பதியலாம் என்று 36-ஆவது நாள் வரை காத்திருந்தால் மே மாதத்தில் ஹவுரா வண்டி நிரம்பிப் போயிருக்கும். இரண்டு மூன்று முறை கவுன்ட்டருக்கு நடக்க வேண்டியதுதான். படிவத்தை வாங்கும் வேலையை அதற்கும் முன்னால், குறைந்தது மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி ஒரு கட்டத்தைக்கூட விட்டுவைக்காதீர்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது, கவுன்ட்டர் டிக்கெட்டாக இருந்தாலும் சரி. வளையத்தில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தடுத்த ஊர்களின் பதிவும் ஆட்டம் காணும். தேதியை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளி உறுதியான இடம் வாங்குவதே மேல்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். ஐந்து வயது நிறையாத பிள்ளைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்து முடிந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இது 2016 ஏப்ரல் 21 முதல் உள்ள விதி. “அரை டிக்கெட்தான், படுக்கையும் உண்டு” என்று இன்னமும் நம்புகிற தாத்தாக்கள் இருக்கிறார்கள். பகல் பயணத்துக்கு அரை டிக்கெட் போதும். ஆனால் சென்னையிலிருந்து ஹவுரா வரை இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல், ஒன்பது வயதுப் பையனோடு ஒரே படுக்கையைப் பங்குபோட்டுக்கொண்டு போவது அப்பாவுக்கும் தண்டனை, பையனுக்கும் தண்டனை. என்ன முடிவு என்பதை வணிகப் பிரிவில் கணக்குப் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு இருந்த மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்தது, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதோடு சரி. கீழ் பெர்த்துக்கான ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் அது பொருந்தும். ஆனால் அதில் ஒரு முடிச்சு. அந்த ஒதுக்கீட்டில் இடம் வேண்டுமென்றால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்கலாம், இருவருமே அந்த வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். ஒரு முன்பதிவுப் படிவத்தில் ஆறு பேர் வரை எழுதலாம் என்று தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோரையும் சேர்த்து எழுதினால் அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். தாத்தா பாட்டிக்குத் தனிப் படிவம் எழுதுங்கள். பெட்டி மாறிப் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் முழங்கால் வலியோடு பாட்டி மேல் பெர்த்துக்கு ஏறுவதைவிட, பேரன் அடுத்த பெட்டிக்கு நடந்து போய் முறுக்கு கொடுத்துவிட்டு வருவது எளிது.

ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவர நினைக்காதீர்கள். அவற்றின் கட்டணமே வேறு, இடம் குறையக் குறைய விலை ஏறுகிற முறையும் 2016 முதல் அவற்றில் இருக்கிறது. சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகளை வைத்தே வளையத்தைக் கட்டுங்கள். இந்த அலைச்சலே வேண்டாம், சாப்பாடு, தங்கல், வழிகாட்டி எல்லாம் சேர்த்து யாராவது கூட்டிப்போனால் போதும் என்பவர்களுக்குப் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில்கள் இருக்கின்றன. அதில் முதல் வண்டி 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குத்தான் கிளம்பியது. விலையும் வேறு, ஊரில் எத்தனை மணி நேரம் நிற்பது என்பதும் அவர்கள் கையில்.

மத்திய அரசு ஊழியர்கள் எல்டிசி-யில் (விடுப்புப் பயணச் சலுகை) இப்படிச் சுற்ற நினைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் அறிவித்த ஊருக்கு மிகக் குறுகிய நேர்வழியில் ஆகும் கட்டணம் எவ்வளவோ அதுவரைதான் திருப்பித் தருவார்கள். வளையத்தின் மற்ற செலவு உங்கள் பையிலிருந்துதான்.

கிளம்பிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூல சர்குலர் டிக்கெட்டையும் அந்தந்தக் கட்டத்தின் முன்பதிவு டிக்கெட்டையும் சேர்த்தே வைத்திருங்கள், பரிசோதகர் இரண்டையும் கேட்பார். இறங்கித் தங்கும் ஊரில் நிலைய அதிகாரியிடம் டிக்கெட்டில் நிலையக் குறியீடும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள், பயண முறிவுக்கு விதி கேட்பது அது. நல்ல பிளாஸ்டிக் உறை ஒன்றும் வேண்டும். ஒரு மாதம் சட்டைப் பையில் இருந்தால் மடிப்பில் கிழிந்து, ஹவுராவில் போட்ட கையெழுத்து மும்பை வருவதற்குள் அழிந்துவிடும்.