டர்பைன் புகையில் அம்மோனியாவுக்கு என்ன வேலை?

எரிவாயு டர்பைனின் எரியறையில் சுடரின் வெப்பம் 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், காற்றில் சும்மா கிடந்த நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகிவிடும். எரிபொருள் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் இது நடக்கும். அமில மழைக்கும் தரைமட்ட ஓசோனுக்கும் வழிவிடுகிற வாயு இது.

சரி, காரில் இருக்கும் வினையூக்கியையே இங்கேயும் மாட்டினால் என்ன? பெட்ரோல் கார்ப் புகையில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட மிஞ்சுவதே இல்லை. அதனால் கார்பன் மோனாக்சைடு தனக்கு வேண்டிய ஆக்சிஜனை நைட்ரிக் ஆக்சைடிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். டர்பைன் புகையிலோ சுமார் 15 சதவீதம் ஆக்சிஜன் தாராளமாகக் கிடக்கிறது. பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை.

அம்மோனியாவின் அருமை இங்கேதான் தெரியும். புகையில் தெளித்தால், அவ்வளவு ஆக்சிஜனுக்கு நடுவிலும் அது நைட்ரிக் ஆக்சைடைத் தேடிப் பிடிக்கும். புகை போகும் வழியில் வைக்கும், தேன்கூடு போன்ற வினையூக்கிக் கட்டிகளின் சுவரில் டைட்டானியம் டை ஆக்சைடும், அதன்மேல் கொஞ்சம் வெனடியம் ஆக்சைடும் இருக்கின்றன. அம்மோனியா முதலில் அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. புகையோடு வரும் நைட்ரிக் ஆக்சைடு அதில் வந்து சேர்ந்ததும், இதிலிருந்து ஒரு நைட்ரஜன், அதிலிருந்து ஒரு நைட்ரஜன் என இரண்டும் ஜோடியாகி, சாதாரண நைட்ரஜன் வாயுவாகப் பிரிந்து போகின்றன. மிச்சம் வெறும் நீராவி. எனக்கு இந்த ஜோடி சேரும் இடம்தான் அலுக்கவே அலுக்காதது.

இது சரியாக நடக்க 300 முதல் 400 டிகிரி வேண்டும். குறைந்தால் வினை மந்தமாகும். மிக அதிகமானால் அம்மோனியாவே எரிந்து புதிதாக நைட்ரிக் ஆக்சைடாக மாறும். டர்பைனை விட்டு வரும் புகை பெரும்பாலும் 500 டிகிரிக்கு மேல் இருக்கும். அதனால் அந்தப் புகையின் சூட்டிலேயே நீராவி எடுக்கும் கொதிகலனின் குழாய் வரிசைகளுக்கு நடுவே, புகை போதுமான அளவு ஆறிய இடத்தில், இந்தக் கட்டிகளை அடுக்குகிறார்கள். கார்பன் மோனாக்சைடை எரிக்கும் பிளாட்டினம் அடுக்கு அம்மோனியா தெளிக்கும் இடத்துக்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும். பின்னால் வைத்தால் அது அம்மோனியாவையும் சேர்த்து எரித்துவிடும்.

அப்புறம், தெளிப்பது. அம்மோனியா குறைந்த மூலையில் நைட்ரிக் ஆக்சைடு தப்பிவிடும். கூடிய மூலையில் அம்மோனியாவே புகைபோக்கி வழியாக வெளியேறும். எரிபொருளில் கந்தகம் இருந்தால், மிஞ்சிய அம்மோனியா பின்னால் உள்ள குளிர்ந்த குழாய்களில் பிசுபிசுப்பான உப்பாகப் படிந்து அடைக்கும். அதனால்தான் தேன்கூட்டுக் கட்டிகளுக்குப் பின்னால் பல புள்ளிகளில் அளந்து பார்த்து, தெளிப்புக் குழாய்களின் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருகிச் சரிசெய்கிறார்கள்.