தூக்குத் தண்டனை: டிஸ்சார்ஜ் சீட்டை யாரும் கேட்கவில்லை

‘உங்கள் பிள்ளைக்கு இப்படி நடந்திருந்தால்?’ கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆஜராகும் வக்கீல் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. எனக்கு நடந்திருந்தால் நானும் தூக்கைத்தான் கேட்பேன். அதனால்தான் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் தீர்ப்பெழுதச் சொல்வதில்லை.

சரி, எழுதுகிறவர் எதைப் பார்த்து எழுதுகிறார்? கொலைக்கு ஆயுள்தான் பொது விதி, ‘அரிதினும் அரிதான’ வழக்கில் மட்டுமே தூக்கு என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றத்தோடு குற்றவாளியையும் எடைபோட வேண்டும்: வயது, மனநிலை, திருந்தும் வாய்ப்பு. அதற்காகவே, குற்றவாளி என்று முடிவானபின் தண்டனை பற்றி அவரிடம் தனியாகக் கேட்கச் சட்டம் சொல்கிறது. இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258வது பிரிவு.

ஏட்டில் அப்படி. நான் ஜூனியராக இருந்தபோது ஒரு வழக்கு. கூண்டில் நின்றவனுக்கு இருபத்து மூன்று வயது. காலையில் குற்றவாளி என்றார்கள். தண்டனை பற்றிக் கேட்டதும் கம்பியைப் பிடித்தபடி, “அம்மாவுக்கு நான்தான் ஐயா” என்றான். ‘வயதான தாய் இருப்பதாகக் கூறி குறைந்தபட்ச தண்டனை கோருகிறார்’ என்று ஒரு வரி டைப் ஆனது. மதியம் தூக்கு. வராந்தாவில் அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே, பதினாறு வயதில் அவன் மனநலப் பிரிவில் இருந்ததற்கான டிஸ்சார்ஜ் சீட்டு, ஓரமெல்லாம் எலி கடித்து. “இதை யாரும் கேக்கலையே தம்பி” என்றார். நாங்களும் கேட்கவில்லை. அத்தனை தடிமனான கேஸ் கட்டில் அவன் எத்தனாவது படித்தான் என்பதுகூட இல்லை. அப்புறம் உயர் நீதிமன்றத்தில் அந்தச் சீட்டைக் காட்டித்தான் ஆயுளாகக் குறைத்தோம்.

இன்னொன்று எல்லோருக்கும் தெரிய வேண்டியது. மகாராஷ்டிரத்தில் 2003இல் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேருக்கும் தூக்கு என்று 2009இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதில் ஒருவர் சம்பவ நாளில் 18 வயது நிரம்பாதவர் என்பது பிறகுதான் தெரிந்தது. 2019இல் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்து, தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நேரில் பார்த்த சாட்சி முதலில் போலீஸ் ஆல்பத்தில் அடையாளம் காட்டியது வேறு நான்கு பேரை! பதினாறு வருடம் போனது போனதுதான். ஆனால் வெளியே வர ஆள் இருந்தார்கள். தூக்கு வேண்டாம் என்று நான் சொல்ல இந்த ஒரு வழக்கு போதும்.

மனநல மதிப்பீட்டையும் சிறை நடத்தை அறிக்கையையும் விசாரணை நீதிமன்றமே கேட்டு வாங்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் குடும்பம் சும்மா இருக்கக் கூடாது. பள்ளி டி.சி., பிறப்புச் சான்றிதழ், பழைய சிகிச்சைச் சீட்டு எல்லாவற்றையும் தீர்ப்பு நாளுக்கு முன்பே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. உச்ச நீதிமன்றமும் கைவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அந்தத் தகவலைச் சொன்ன தேதியைக் குறித்து வையுங்கள். கருணை மனுவுக்கு அன்றிலிருந்து 30 நாள்தான்.