கம்பைலர்: தொகுப்பியா, நிரல்பெயர்ப்பியா?

நாம் எழுதும் நிரலைக் கணினியின் இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள் கம்பைலர். அதற்குத் தமிழில் இந்த இரண்டு சொற்களும் புழங்குகின்றன. நான் நிரல்பெயர்ப்பி பக்கம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் 'கொம்பிலாரே'. சூறையாடுதல் என்று பொருள். பிறர் நூல்களிலிருந்து எடுத்துச் சேர்ப்பதைக் குறித்து, அப்புறம் தொகுத்தல் என்று நிலைத்தது. 1952இல் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் கணினிக்கு எழுதிய ஏ-0வைக் கம்பைலர் என்றது இந்தப் பொருளில்தான். துணைநிரலின் எண்ணைச் சொன்னால், காந்த நாடாவில் இருக்கும் அந்தச் சிறு நிரல்களை அது எடுத்துக் கோத்துத் தரும். அசல் தொகுப்பி! 1957இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி வந்தபோது, எழுதிய வாய்பாட்டை இயந்திர மொழிக்குப் பெயர்ப்பதே முக்கிய வேலையாகிவிட்டது. பெயர் மட்டும் பழையதே நின்றது.

தொல்காப்பிய மரபியல் வழிநூலை வகைப்படுத்தும்போது தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் தனித்தனியாக வைக்கிறது. கணினியிலும் அப்படித்தான். நிரலைப் பெயர்ப்பது கம்பைலர். ஆளுக்கொரு வேலை செய்யும் சிறு நிரல்துண்டுகளான செயற்கூறுகளை, அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகத்திலிருந்து எடுத்துக் கோப்பது லிங்கர், தமிழில் இணைப்பி. ஹாப்பரின் பொருளில் தொகுப்பி என்ற பெயர் இன்று லிங்கருக்கே சேரும்.

ஊரில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் சி மொழி படித்துவிட்டு பெங்களூருக்கு வேலை தேடி வரும் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. மடிவாளா அறையில் லினக்ஸில் உட்கார்ந்து, பழைய நிரலை ஜிசிசி என்ற கம்பைலரில் கொடுப்பார்கள். முதலில் 'கோனியோ' தலைப்புக் கோப்பே இல்லை என்று வரும். நிரலில் அதைச் சேர்க்கும் வரியை நீக்கினால், திரையைத் துடைக்கும் சிஎல்ஆர்எஸ்சிஆர் என்ற செயற்கூறு யாரென்று தெரியாது என்று வரும். "அண்ணா, கம்பைலர்ல ஏதோ தப்புங்களா?" என்று கேட்பார்கள். தப்பு அதில் இல்லை. அந்தச் செயற்கூறு, டர்போ சியை வெளியிட்ட போர்லாண்ட் நிறுவனம் தன் நூலகத்தில் வைத்துக் கொடுத்தது. சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரத்தில் அது கிடையாது. கம்பைலரை மாற்றும்போது கூடவே நூலகமும் மாறிவிடுகிறது.

அதனால் ஒரு செயற்கூறு காணாமல் போனால், அது தரத்தில் உள்ளதா, ஒரு நிறுவனத்தின் சொந்தச் சரக்கா என்று முதலில் பாருங்கள். எண்ணை எழுத்தாக்கும் ஐடிஓஏவுக்குப் பதில் எஸ்என்பிரின்ட்எஃப் போதும். சரத்தைத் திருப்பும் எஸ்டிஆர்ரெவ்வை நாமே நாலு வரியில் எழுதிக்கொள்ளலாம். ஒரு விசை தட்டும்வரை காத்திருக்கும் கெட்சிஹெச்சுக்குப் பதில் கெட்சார் போடலாம், ஆனால் என்டர் தட்ட வேண்டியிருக்கும்.

வர்க்கமூலத்துக்கான எஸ்கியூஆர்டி கதை வேறு. அது தரத்தில் இருப்பதுதான், ஆனால் லினக்ஸில் கணித நூலகம் தனிக் கோப்பு. அதன் அடைப்புக்குறிக்குள் 4 என்று நேரடியாக எழுதினால் ஜிசிசி தானே கணக்கிட்டுவிடும், சிக்கல் தெரியாது. எண்ணுக்குப் பதில் மாறியைக் கொடுத்த உடனே 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்', அதாவது செயற்கூறு கிடைக்கவில்லை என்று இணைப்பி நின்றுவிடும். ஜிசிசி கட்டளையில் நிரல் கோப்பின் பெயருக்குப் பின்னால், கணித நூலகத்தைக் குறிக்கும் '-எல்எம்' சேர்த்தால் சரியாகிவிடும். முன்னால் போட்டால் பல கணினிகளில் எடுபடாது, ஏனென்றால் இணைப்பி இடமிருந்து வலமாகத்தான் தேடும்; நூலகம் முன்னால் வந்தால் அப்போது அது தேவையென்றே தெரியாது.