அகலம் கடைசியில்தான் வரும்

ஆம்ப்ளிஃபையர் வடிவமைக்கப் பழகுகிறவர்கள், சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரைத் திறந்ததும் டிரான்சிஸ்டருக்கு ஏதோ ஓர் அகலத்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். 10 மைக்ரான் போட்டால் வேகம் போதாது. 20 போட்டால் மின்னோட்டம் எகிறும். இப்படியே அரை நாள் ஓடிவிடும். நானும் அப்படி ஓட்டியவன்தான். கணக்கு உண்மையில் மறுமுனையிலிருந்து, அதாவது ஆம்ப்ளிஃபையர் என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்து, தொடங்க வேண்டும்.

மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் ஓடும் இரு முனைகளான சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் இடையே உள்ள தூரம் நீளம். அதற்குக் குறுக்கே அளப்பது அகலம். அகலத்தைக் கூட்டுவது பல டிரான்சிஸ்டர்களைப் பக்கம் பக்கமாக ஒட்டுவதற்குச் சமம், மின்னோட்டம் கூடும். நீளத்தைக் கூட்டினால் குறையும். ஆகவே மின்னோட்டக் கணக்கில் அகலம், நீளம் இரண்டின் விகிதம்தான் பேசும்.

ஓர் உதாரணம். இரட்டை டிரான்சிஸ்டர் உள்ளீட்டோடு ஒரே கட்டத்தில் முடியும் ஆம்ப்ளிஃபையர். வெளியீட்டில் 2 பிகோஃபாரட் மின்தேக்கச் சுமை. பெருக்கம் ஒன்றுக்கு இறங்கும் அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டின் மின்னழுத்தத்தைச் சற்றே அசைத்தால் மின்னோட்டம் எவ்வளவு அசைகிறது என்பதை ஜி.எம். என்பார்கள். இங்கே அது 2 × 3.14 × அதிர்வெண் × சுமை, அதாவது சுமார் 126 மைக்ரோசீமன்ஸ். இதுவரை டிரான்சிஸ்டரின் அளவைப் பற்றிப் பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா?

அடுத்ததுதான் உண்மையான முடிவு. டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் திரெஷோல்டு மின்னழுத்தத்துக்கு மேல் கேட்டுக்கு எவ்வளவு கொடுப்பது? இந்த ஓவர்டிரைவை 0.2 வோல்ட் என்று வைப்போம். மின்னோட்டம் ஓவர்டிரைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்ற பழைய இருபடி விதிப்படி, அது ஜி.எம்.மையும் ஓவர்டிரைவையும் பெருக்கியதில் பாதி: ஒவ்வொரு பக்கமும் 12.6 மைக்ரோஆம்பியர். தயாரிப்பு முறையைப் பொறுத்த மாறிலி 200 மைக்ரோஆம்பியர்/வோல்ட்² என்று கொண்டால், 126-ஐ 200 × 0.2 ஆல் வகுக்க, விகிதம் 3.15.

ஓவர்டிரைவைக் குறைத்தால் அதே ஜி.எம். குறைந்த மின்னோட்டத்திலேயே கிடைக்குமே என்று ஆசை வரும். கிடைக்கும்தான், ஆனால் டிரான்சிஸ்டர் அகன்று வேகம் குறையும். தவிர, 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருபடி விதி பொய் சொல்லத் தொடங்குகிறது. அதை நம்பினால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் ஜி.எம். முடிவில்லாமல் ஏறும். அறை வெப்பநிலையில் இயற்கை போட்ட உச்சவரம்போ, வோல்ட்டுக்குச் சுமார் 38. நடைமுறையில் அதையும் எட்ட முடியாது. அதனால்தான் 1996இல் சில்வேரா, ஃப்ளாண்ட்ரே, ஜெஸ்பர்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் விதியை விட்டுவிட்டு, ஜி.எம்.மை மின்னோட்டத்தால் வகுத்த எண்ணையே கைப்பிடியாக எடுத்துக்கொண்டார்கள். அந்த எண்ணுக்கு ஒரு மைக்ரான் அகலத்தில் எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதை வரைபடத்தில் பார்த்து, அகலத்தை எடுத்துவிடலாம். இன்றைய சிறிய டிரான்சிஸ்டர்களுக்கு என் ஓட்டு இந்த முறைக்குத்தான்.

சரி, விகிதம் 3.15. நீளம்? 0.5 மைக்ரான் என்றால் அகலம் சுமார் 1.6; பரப்பு 0.8 சதுர மைக்ரான். இங்கேதான் பொருத்தமின்மை வந்து நிற்கிறது. ஒரே மாதிரி வரைந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒருபோதும் ஒரே மாதிரி பிறப்பதில்லை. அவற்றின் திரெஷோல்டு வேறுபாடு பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் சிதறும் என்று பெல்க்ரோமும் சகாக்களும் 1989இல் காட்டினார்கள். 1 சதுர மைக்ரானில் சிதறல் 5 மில்லிவோல்ட் என்று வைத்தால், நம்முடையதில் 5.6 மில்லிவோல்ட். அதை 1 மில்லிவோல்ட்டுக்கு இறக்க 25 சதுர மைக்ரான் வேண்டும்: நீளம் 2.8, அகலம் 8.9. மின்னோட்டமும் ஜி.எம்.மும் அப்படியே இருக்க, பரப்பு மட்டும் முப்பது மடங்கு. நீளம் கூடியதில் வெளியீட்டு மின்தடை ஏறி, பெருக்கமும் கூடும். தாழ் அதிர்வெண் இரைச்சலும் தணியும். ஆனால் சும்மா வராது: சுமார் 4 ஃபெம்டோஃபாரட்டாக இருந்த கேட் மின்தேக்கம் 130ஐத் தாண்டும். அதைச் சுமக்கப்போவது முந்தைய கட்டம்.

உள்ளீட்டு ஜோடிக்கு மேலே இருந்து, ஒரு பக்க மின்னோட்டத்தை மறுபக்கத்தில் நகலெடுக்கும் கரண்ட் மிரர் ஜோடிக்கும் அதே மின்னோட்டம்தான், ஆனால் எதிர்மாறான உருவம். அதன் ஜி.எம். பெரிதானால் அதன் இரைச்சலும் பொருத்தமின்மையும் உள்ளீட்டில் பெரிதாகத் தெரியும். ஆகவே ஓவர்டிரைவைத் தாராளமாகக் கொடுத்து, நீளமாக, ஒல்லியாக வரைவார்கள். எவ்வளவு தாராளம் என்பதை வெளியீடு எவ்வளவு உயரம் ஆட வேண்டும் என்பது தீர்மானிக்கும்.

இனி சிமுலேட்டரைத் திறக்கலாம். ஜி.எம். 126க்குப் பதில் 115 என்று காட்டினால் பதற வேண்டாம். அகலத்தை 10, 11 என்று சற்றே நகர்த்தினால் போதும்.