சர்வரில் பழைய பதிப்பு எண் தெரிந்தால் பதறாதீர்கள்

2024 ஜூலையில் ஒரு வாடிக்கையாளர் பதற்றத்தோடு போன் செய்தார். பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையில் அவர்களுடைய டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) சர்வருக்குச் சிவப்பு விழுந்திருந்தது. 'ஓப்பன்எஸ்எஸ்எச் 9.2 ஆபத்தானது, ஓட்டை அடைக்கப்பட்டது 9.8-இல்' என்று எழுதியிருந்தார்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் மென்பொருள். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, அடுத்த வெளியீட்டுக்காகச் சோதனையில் இருக்கும் டெஸ்டிங் கிளையிலிருந்து 9.8-ஐ இறக்கிவிடலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். பேக்கேஜின் (நிறுவியிருக்கும் மென்பொருள் பொதியின்) முழு எண்ணைப் படித்துக் காட்டச் சொன்னேன். 9.2பி1-2 என்பதற்குப் பின்னால் '+டெப்12யூ3' என்று ஒரு வால் இருந்தது. விஷயமே அந்த வாலில்தான் இருக்கிறது. நிலையான வெளியீடான ஸ்டேபிள் கிளையில் டெபியன்காரர்கள் பொதுவாகப் பதிப்பை மாற்றுவதில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்து, பழைய பதிப்பிலேயே வைத்துத் தைக்கிறார்கள். அந்த யூ3-இல் அந்த ஓட்டை ஏற்கெனவே அடைபட்டிருந்தது. தணிக்கைக் கருவி முன்பக்க எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சிவப்புப் போட்டிருக்கிறது.

நான் அவ்வளவு அழுத்தமாகத் தடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2022-இல் இன்னொரு அலுவலகத்தில், டெபியன் 11 சர்வரில் பிஎச்பி (இணைய நிரல்மொழி) 7.4 இருந்தது. புதிய பில்லிங் மென்பொருளுக்கு பிஎச்பி 8 வேண்டும் என்று ஒருவர், எந்தக் கிளையிலிருந்து மென்பொருள் எடுப்பது என்று குறிக்கும் சோர்சஸ் கோப்பில் டெஸ்டிங்குக்கு ஒரு வரி சேர்த்துவிட்டார். பிஎச்பியோடு, கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான லிப்சி6-உம் சேர்ந்து ஏறியது. அன்றைக்கு எல்லாம் ஓடியது. அடுத்த வாரம் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் வழக்கமான 'ஆப்ட் அப்கிரேடு' கட்டளையைக் கொடுத்தபோது நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் வரிசையில் நின்றன. இரண்டு கிளைகளுக்கும் முன்னுரிமை எண் ஒன்றுதான், 500. எண் சமமாக இருந்தால் புதிய பதிப்பைத்தான் ஆப்ட் எடுக்கும். அவர் அந்தப் பட்டியலைப் படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டார். பதிப்பைக் கீழே இறக்குவதற்கு டெபியனில் முறையான வழி கிடையாது. தரவை நகலெடுத்து, புதிதாக நிறுவி முடிக்க ஒரு ராத்திரியும் மறுநாள் காலையும் ஆனது. அப்புறம் புதிய பிஎச்பியை மட்டும், மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் தனி கன்டெய்னரில் வைத்தோம். ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது அதுதான்.

புதியது கெட்டது என்று நான் சொல்லவில்லை. என் லேப்டாப்பில் டெஸ்டிங்தான் ஓடுகிறது. ஆனால் 2024 மார்ச் 29 அன்று கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருந்த செய்தி வெளியானபோது, முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது அந்த லேப்டாப்பைத்தான். எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட மெதுவாக இருந்ததைக் கவனித்து ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டியதால்தான் அது வெளியே வந்தது. அதற்குள் அந்தப் பதிப்புகள் டெஸ்டிங் வரை வந்துவிட்டன. ஸ்டேபிளில் இருந்தது 5.4.1, அதனால் வாடிக்கையாளர்களின் சர்வர்களில் ஒன்றைக்கூட நான் தொட வேண்டியிருக்கவில்லை.

அதனால் முடிவை மொத்த இயந்திரத்துக்கும் எடுக்காமல், ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனித்தனியாக எடுங்கள். புதிய வன்பொருளுக்காகப் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) வேண்டுமா? பேக்போர்ட்ஸில் பாருங்கள். அது புதிய பதிப்புகளை ஸ்டேபிளுக்கென்றே கட்டிக் கொடுப்பது. அதன் முன்னுரிமை 100 என்பதால் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டுமே வரும். ஆனால் ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு தரும் கவனிப்பு அதற்கு இருக்காது, எனவே தேவைக்கு மேல் எடுக்காதீர்கள். எதை நிறுவினாலும் முதலில் ஆப்ட் கட்டளையோடு '-எஸ்' போட்டு ஒத்திகை பாருங்கள். நீக்கப் போகிறவற்றின் பட்டியலில் உங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, இதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். சோர்சஸ் கோப்பில் 'ஸ்டேபிள்' என்று பொதுவாக எழுதாதீர்கள், டெபியன் 12 என்றால் 'புக்வார்ம்' என்று அந்த வெளியீட்டின் பெயரையே எழுதுங்கள். 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளியானதும் 'ஸ்டேபிள்' என்ற சொல் அந்தப் புதிய வெளியீடான டிரிக்ஸிக்கு மாறிவிட்டது. பொதுவாக எழுதி வைத்திருந்த சர்வர்களுக்கு அதற்கடுத்த அப்கிரேடே பெரிய பதிப்பு மாற்றமாகிவிட்டது, யாரும் திட்டமிடாமலேயே.